அனுப்பத் தாமதிக்கும் இணைய விற்பனையாளர்: பொறுத்திருப்பதா, புகார் கொடுப்பதா?

நிலவொளி:
பழைய ஃபிலிம் கேமரா ஒன்றுக்கான லென்ஸை, இணையச் சந்தைத்தளத்தில் தனிநபர் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன். பணம் கட்டிய கையோடு நன்றி சொல்லி எழுதினார். மறுநாளே டிராக்கிங் எண்ணும் வந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் இட்டுப் பார்த்தால், 'அனுப்புநரிடமிருந்து தகவல் கிடைத்துள்ளது, பார்சல் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை' என்ற ஒற்றை வரிதான் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கேட்கும்போதெல்லாம் தன்மையாகவே பதில் சொல்கிறார். முதலில் உடல்நலம் சரியில்லை என்றார், பிறகு லென்ஸுக்கேற்ற பெட்டி கிடைக்கவில்லை என்றார், இப்போது கூரியர்காரர் வந்து எடுத்துச் செல்லவில்லை என்கிறார். அவருடைய முந்தைய விற்பனைகளுக்கு நல்ல மதிப்பீடுகளே இருக்கின்றன. லென்ஸும் எளிதில் கிடைக்கக்கூடியதன்று. தளத்தில் புகார் பதிவுசெய்வதா, இன்னும் பொறுத்துப் பார்ப்பதா? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தெளிநீர்:
இன்றே பதிவுசெய்யுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சி உங்களுக்குத் தேவையில்லை. புகார் கொடுக்கும் உரிமைக்கு ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு அவருடைய உடல்நலத்துக்காகவோ பெட்டிக்காகவோ நிற்காது. ஈபே சந்தைத்தளத்தில் கடைசியாகக் குறிப்பிடப்பட்ட டெலிவரி நாளிலிருந்து 30 நாளுக்குள் பொருள் வரவில்லை என்று தெரிவிக்க வேண்டும். பேபால் என்ற பணம் செலுத்தும் சேவையில், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது. அட்டை வழியாகக் கட்டியிருந்தால், பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாளுக்குள் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவதை, கோரலாம். ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைவான கெடு வைத்திருக்கவும் கூடும். 'அடுத்த வாரம் நிச்சயம்' என்று இரண்டு மூன்று முறை கேட்டுத் தலையாட்டினாலே முதல் கெடு கைநழுவிப் போய்விடும். இழுத்தடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் கோபப்படுவதே இல்லை, மிகுந்த பணிவோடு நாள் கடத்துவார்கள்.

டிராக்கிங் எண் வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். பார்சலில் ஒட்டும் முகவரி லேபிளை அச்சிட்ட அந்த நொடியிலேயே எண் பிறந்துவிடும். பொருள் அப்போது அலமாரியிலேயே இருக்கலாம். நாடுகளுக்கிடையே செல்லும் அஞ்சல் பொதிகளுக்குப் பன்னாட்டு அஞ்சல் ஒன்றியம் வகுத்த 13 இட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். ஒன்பதாவது இலக்கம் முந்தைய எட்டையும் சரிபார்ப்பதற்காக வைக்கப்பட்டது. ஆகவே எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பொருளை ஒப்படைக்காமலிருந்தால் அதற்குத் தெரியாது. கூரியர் நிறுவனம் பார்சலைப் பெற்று முதல் ஸ்கேன் செய்யும்வரை அனுப்பியதாக எண்ண இடமில்லை.

பட்டறை:
நான் மறுபக்கத்தில் நிற்பவன். பழைய கருவிகளைப் பழுதுபார்த்து இணையத்தில் விற்பதே என் பிழைப்பு. தெளிநீர் சொல்லும் கெடுக்கள் உண்மையானவை, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் 'இன்றே' என்ற அவசரத்தை மறுக்கிறேன். ஒரு புகார் பதிவானால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை வாங்குபவர்கள் பலர் அறிவதில்லை. அந்த விற்பனைக்கான பணம் முடக்கப்படும். வங்கி வழியாகச் சார்ஜ்பேக் வந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு, தனிக் கட்டணமும் எங்கள் தலையில் விழுவது வழக்கம். தீர்க்கப்படாத புகார்கள் சில சேர்ந்தால் கணக்கின் தரம் இறங்கும், தேடலில் பின்னுக்குத் தள்ளப்படுவோம், மற்ற விற்பனைகளின் பணமும் நிறுத்திவைக்கப்படலாம். மாதத்துக்குச் சில பொருள்களே விற்கும் ஒருவருக்கு ஒரே ஒரு புகாரும் பெரிய விழுக்காடாகிவிடும்.

லென்ஸைப் பொதிவதும் சாதாரண வேலையன்று. இரண்டு மூடிகளும் கழன்றுவிடாதபடி பொருத்தி, கண்ணாடியில் எதுவும் அழுந்தாமல் சுற்றி, ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, அதை எல்லாப் பக்கமும் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டிக்குள் இறுக்கமாக நிரப்ப வேண்டும். பெட்டி கிடைக்கவில்லை என்பதைக் கேட்டவுடனே பொய் என்று தள்ளிவிட என்னால் முடியாது. கூரியர்காரர் மூட்டையாக எடுத்துச் செல்லும்போது வாசலிலேயே ஸ்கேன் செய்யாமல் விடுவதும் உண்டு. அப்போது பார்சல் அடுத்த கிடங்கை அடைந்த பிறகே பக்கத்தில் அசைவு தெரியும். நல்ல மதிப்பீடு பெற்ற ஒருவரை நம்பி நேராகக் கேளுங்கள், ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

தெளிநீர்:
பட்டறை அவர்களே, உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் வாசலில் ஸ்கேன் விடுபட்டால் ஓரிரு நாளில் கிடங்கு ஸ்கேன் வந்தாக வேண்டும், வாரக்கணக்கில் வராமலிருக்காது. மேலும், கூரியர்காரர் எடுத்துச் செல்லவே இல்லை என்று விற்பனையாளரே எழுதியிருக்கிறார். பொருள் அவருடைய வீட்டில் இருக்கிறது என்பதற்கு அதுவே வாக்குமூலம். பொருளே கைக்கு வராத நிலையில் பெட்டி தேடும் செலவையும் காலத்தையும் வாங்குபவர் ஏன் சுமக்க வேண்டும்? பெட்டியைத் தயாராக வைத்துக்கொண்டல்லவா விற்பனைக்கு இட்டிருக்க வேண்டும்?

சட்டங்களும் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. அமெரிக்க கூட்டாட்சி வணிக ஆணையம் தபால்வழி விற்பனைக்கு 1975-இல் கொண்டுவந்த விதி இப்போது இணைய விற்பனைக்கும் பொருந்தும். எந்த நாளும் சொல்லாமல் விற்றால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் வாங்கியவருக்குத் தாமாகவே தெரிவித்து, ரத்துசெய்து பணத்தைப் பெறும் வழியையும் காட்ட வேண்டும். அதிலுள்ள ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: முதல் தாமதம் 30 நாளுக்கு உட்பட்டதாயின் வாங்கியவர் பேசாமலிருப்பது சம்மதமாகும், ஆனால் அதற்கு மேற்பட்டதாகவோ நாளே குறிக்காததாகவோ இருந்தால் பேசாமலிருப்பது சம்மதமாகாது, பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும். நிலவொளியின் விற்பனையாளர் நாளே குறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பட்டறை:
சட்டத்தைக் கொண்டுவந்ததால் நானும் ஒன்றைக் காட்டுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணையும் 30 நாள் என்றே தொடங்குகிறது. ஆனால் அந்த நாள் தவறியவுடனே ஒப்பந்தத்தை முறித்துவிடச் சொல்லவில்லை. வாங்கியவர் சூழ்நிலைக்கு ஏற்ற கூடுதல் அவகாசம் ஒன்றைக் குறித்துக் கேட்க வேண்டும், அதிலும் தவறினால்தான் முறிக்கலாம் என்பதே பொது விதி. விற்பனையாளர் தர மறுத்துவிட்டாலோ, குறித்த நாளுக்குள் வந்தே தீர வேண்டிய பொருள் என்று முன்பே சொல்லியிருந்தாலோ மட்டும் விலக்கு உண்டு. நான் கேட்பதும் இந்த அவகாசத்தைத்தான். விற்பவருக்குச் சலுகை காட்டும்படி கேட்கவில்லை. அந்த நெறியாணை விற்பவர்களுக்கு இரங்கி எழுதப்பட்டதன்று, நுகர்வோரைக் காக்கவே எழுதப்பட்டது. அதிலேயே ஒரு வாய்ப்பு வைத்திருக்கிறார்கள்.

லேபிளை முன்கூட்டியே அச்சிட்டு 'அனுப்பப்பட்டது' என்று குறிப்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. அனுப்பும் காலக்கெடுவைக் காப்பாற்றியதாகத் தளத்துக்குக் காட்டவே அப்படிச் செய்கிறார்கள். அது எங்கள் எல்லோருடைய பெயரையும் கெடுக்கிறது.

தெளிநீர்:
நீங்கள் காட்டும் நெறியாணை வணிகர் நுகர்வோருக்கு விற்பதற்கானது. நான் சொன்ன அமெரிக்க விதியும் விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களையே கட்டுப்படுத்தும். தன் வீட்டிலிருந்த பழைய லென்ஸை விற்கும் தனிநபர் இரண்டிலும் சிக்கமாட்டார். அப்போது வாங்கியவருக்கு மிஞ்சுவது தளத்தின் பாதுகாப்பும் பணம் செலுத்திய வழியின் பாதுகாப்புமே. அவற்றையும் ஆறப்போட்டால் அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. எனக்குள்ள ஆத்திரமெல்லாம் இதில்தான்: மரியாதையுள்ளவர்களே கடைசியில் பணத்தை இழக்கிறார்கள், சத்தம் போடுபவர்களுக்கு முதலில் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

நடுவாசல்:
பணம் செலுத்தும் சேவை ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில நடைமுறைகளைச் சொல்கிறேன், ஏனெனில் எப்போது பதிவுசெய்வது என்று இருவரும் வாதாடுகிறீர்கள், பதிவுசெய்தவர்கள் இடையில் தோற்றுப்போவது எப்படி என்பதை யாரும் தொடவில்லை.

பேபாலில் முதலில் திறப்பது ஒரு தகராறு மட்டுமே. அதில் இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம், தீர்ப்பு எதுவும் வராது. அதை 20 நாளுக்குள் முறையான கோரிக்கையாக மாற்றவில்லையென்றால் தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதை மீண்டும் திறக்க முடியாது. 'தகராறை மூடிவிடுங்கள், அப்போதுதான் என்னால் அனுப்ப முடியும்' என்று விற்பவர் கேட்டால் அதற்கு இணங்கக் கூடாது. பணம் முடங்கியிருந்தாலும் பொருளை அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. அதே பணத்துக்குச் சேவையிலும் வங்கியிலும் ஒரே நேரத்தில் புகார் செய்தால், சேவை தன் விசாரணையை நிறுத்திவிடும். எனவே முதலில் தளம், பிறகு பணம் செலுத்திய சேவை, கடைசியாக வங்கி என்ற வரிசையில் செல்வது நல்லது.

பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தொலைபேசியில் தந்த வாக்குறுதியை விசாரிப்பவரால் படிக்க முடியாது. டிராக்கிங் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பொருள் கைமாறாத எண்கள் சில காலத்துக்குப் பிறகு பக்கத்திலிருந்தே நீக்கப்படலாம். இன்னொரு தந்திரமும் உண்டு: அதே ஊரில் வேறொரு முகவரிக்குச் சென்ற பார்சலின் எண்ணைக் கொடுத்து, 'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டுவார்கள். அப்படி நடந்தால், பார்சல் எந்த முகவரிக்குச் சென்றது, எவ்வளவு எடை இருந்தது என்பதைக் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; காகித உறையின் எடையில் லென்ஸ் இருக்க முடியாது. நண்பருக்கு அனுப்புவது போன்ற வழியில் பணம் செலுத்தியிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நிலவொளி:
மூவருக்கும் நன்றி. வணிகப் பொருளுக்கான வழியில்தான் பணம் செலுத்தியிருக்கிறேன். தளத்தின் கெடு முடிவதற்கு இன்னும் காலம் இருப்பதைச் சரிபார்த்துவிட்டேன். பட்டறை அவர்களின் வழியில் ஒரு முறை அவகாசம் தருவதாகவும், அந்த அவகாசம் கெடுவுக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடுமாறு குறிப்பதாகவும் முடிவுசெய்து, விற்பனையாளருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "வரும் வெள்ளிக்கிழமைக்குள் பார்சலை அனுப்புங்கள். அனுப்ப இயலாவிட்டால் விற்பனையை ரத்துசெய்து பணத்தைத் திருப்பிவிடுங்கள், உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. இரண்டும் நடக்கவில்லையென்றால் சனிக்கிழமை தளத்தில் புகார் பதிவுசெய்வேன்."

தெளிநீர்:
நான் இன்றே பதிவுசெய்திருப்பேன். வெள்ளிக்கிழமை மாலை 'அனுப்பிவிட்டேன்' என்று ஒரு செய்தி மட்டும் வரும், சனிக்கிழமை நீங்கள் மறுபடியும் தயங்குவீர்கள் என்பதே என் அச்சம்.

பட்டறை:
அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 'அனுப்புங்கள்' என்பதோடு நிறுத்தாமல், வெள்ளிக்கிழமைக்குள் கூரியர் பக்கத்தில் முதல் ஸ்கேன் தெரிய வேண்டும், அல்லது கவுன்டரில் கொடுத்த ரசீதின் படம் வேண்டும் என்று இன்னொரு செய்தியாக இப்போதே எழுதிவிடுங்கள். பொருளை உண்மையிலேயே ஒப்படைக்கும் விற்பனையாளருக்கு அந்த ரசீதைப் படமெடுத்து அனுப்புவது ஒரு நிமிட வேலை. அது வராவிட்டால், சனிக்கிழமை நீங்கள் பதிவுசெய்யும் புகாரை நானும் தவறென்று சொல்லமாட்டேன்.