எம்எக்ஸ்-5 சில் வெல்டிங்: டர்பன் பக்கம் நல்ல ஆள் தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் சேட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன வருடம் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்று வாங்கினேன். 1.8 லிட்டர் எஞ்சின், துணிக் கூரை. எஞ்சினில் குறையே இல்லை. டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் வந்ததுமே மாற்றிவிட்டேன்.

பிரச்சினை தண்ணீர்தான். மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கார்பெட் நனைந்துவிடுகிறது. கூரையில் விழும் தண்ணீர் இரு பக்கமும் உள்ள வடிகுழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புச் சட்டமான சில் (sill) உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இங்கே கடல் காற்று வேறு. இப்போது பின் சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் உப்பி, அழுத்தினால் நொறுங்குகிறது.

ஒரு கடையில் புட்டி வைத்துப் பூசித் தருகிறோம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரும்புக் கூரை இல்லாத வண்டிக்குச் சில்தானே பலம்! துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

சேட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பைன்டவுன் பக்கம் இதை நம்பிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? செலவு எவ்வளவு ஆனது என்றும் சொல்லுங்கள். அப்புறம், வடிகுழாயை எதைவிட்டுச் சுத்தம் செய்கிறீர்கள்? கம்பியால் குத்தினால் உள்ளே குழாய் கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.