கோ சமுய் விமான நிலையம்: வயதான அம்மாவுக்குச் சரிப்படுமா?

வளர்மதி:
நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அங்கே விமான நிலையத்தில் ஏசி கிடையாது, நாலு பக்கமும் திறந்த கொட்டகைதான் என்கிறார்கள். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி வேறு. சமாளிப்பாரா? டிக்கெட் விலையும் எக்கச்சக்கம். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுராட் தானியில் இறங்கிப் படகில் போனால் மிச்சமாகுமா?

கடலோரன்:
தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஓலை வேய்ந்த உயரமான கூரை, சுற்றிலும் செடிகொடி, தலைக்கு மேல் மின்விசிறி, அதனால் புழுக்கம் அவ்வளவாகத் தெரியாது. விமானத்திலிருந்து கட்டடத்துக்கு, பக்கங்கள் திறந்த டிராம் வண்டியில் கூட்டிப் போவார்கள், காற்று முகத்தில் அடிக்க அம்மா ரசிப்பார். கவனிக்க வேண்டியது படிதான். ஏடிஆர் என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம் என்றால் கதவோடு சேர்ந்த சில படிகளோடு முடிந்துவிடும், ஏர்பஸ் 319 ஜெட் விமானம் என்றால் நிறைய ஏறி இறங்க வேண்டும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும், படி ஏற முடியாது என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மாலினி:
விலைக்குக் காரணம், அது பேங்காக் ஏர்வேஸ் கம்பெனியே கட்டி 1989-இல் திறந்த சொந்த விமான நிலையம். ஓடுபாதையும் சுமார் 2 கிலோமீட்டர்தான், பெரிய விமானங்கள் இறங்க முடியாது. ஆனால் 2024-இலிருந்து ஸ்கூட் என்ற மலிவு விமானக் கம்பெனியும் சிங்கப்பூரிலிருந்து சின்ன எம்ப்ரேயர் விமானம் விடுகிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுராட் தானி வழி மலிவுதான், ஆனால் அங்கிருந்து டோன்சாக் துறைமுகத்துக்கு பஸ், அப்புறம் ஒன்றரை மணி நேரம் படகு, பெட்டியைத் தூக்கி ஏற்றி இறக்குவது என்று அரை நாள் போய்விடும். முழங்கால் வலிக்காரரை அப்படி அலைக்கழிக்காதீர்கள்.

கடலோரன்:
மாதம் சரியா என்று யாரும் சொல்லவில்லையே! நவம்பர் வேண்டவே வேண்டாம். மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட் பக்கம் அப்போது மழை ஓயத் தொடங்கும், சமுய் இருக்கும் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் நம்ம சென்னை மாதிரி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கும். கடலும் கொந்தளிப்பாக இருக்கும்.

வளர்மதி:
அப்படியானால் பிப்ரவரிக்குத் தள்ளிவிடுகிறேன். திரும்பும்போது சீக்கிரமே போய் உட்கார வேண்டுமா? சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

மாலினி:
பிப்ரவரி அருமை. இரண்டு மணி நேரம் முன்னால் போனால் போதும். பேங்காக் ஏர்வேஸ் பயணிகளுக்குக் காபி, ஜூஸ், பாப்கார்ன் எல்லாம் இலவசம், சாதாரண டிக்கெட்டுக்கும் உண்டு. சோறு வேண்டுமென்றால் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே கடைத்தெரு இருக்கிறது, அங்கே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.