1890களின் பேய்க்கதைகள்: எங்கள் வாசகர் வட்டத்தில் எதை முதலில் வாசிக்கலாம்?

தோட்டப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய வாசகர் வட்டம் கூடுகிறது. வருபவர்களில் பாதிப்பேர் ஆறாம் படிவ மாணவர்கள். மற்றவர்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர்களும் சில இல்லத்தரசிகளும். சென்ற மாதம் கனமழையில் மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில், பேச்சு தானாகவே பேய்க்கதைகளின் பக்கம் திரும்பியது. பாழடைந்த துரை பங்களா, தொழிலாளர்கள் காலையில் அணிவகுத்து நிற்கும் பெரட்டுக்களத்து ஆலமரம், விடியுமுன் பால்காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனபோது, ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், துரைமார்கள் இங்கே பங்களா கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் ஊரில் என்ன பேய்க்கதை எழுதினார்கள்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் பார்த்ததில், கோதிக் என்று சொல்லப்படும் அச்சப் புனைவுகளில் இன்றும் வாசிக்கப்படுபவை பலவும் 1890 முதல் 1899 வரையிலான ஒரே பத்தாண்டில் வந்திருப்பதைக் கண்டு வியந்தேன். ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரே', ஆர்தர் மேக்கனின் 'தி கிரேட் காட் பேன்', பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' ஆகிய எல்லாமே அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தவை. ஏன் இப்படி ஒரே காலத்தில் குவிந்தன? எங்கள் மாணவர்களின் ஆங்கிலம் நடுத்தரமானது என்பதை மனத்தில் கொண்டு, எதிலிருந்து தொடங்கலாம் என்று வாசித்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்), கோலகங்சார்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி பேயைப் பற்றியது அன்று, புத்தக வியாபாரத்தைப் பற்றியது. அதுவரை இங்கிலாந்தில் நாவல் என்றால் பெரும்பாலும் மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வரும். அந்த விலையைக் கொடுத்து வாங்க இயலாதவர்கள் சந்தா நூலகங்களில் இரவல் பெற்று வாசித்தார்கள். 1894இல் பெரிய நூலகங்கள் இரண்டும் இனி அந்த விலைக்கு வாங்க மாட்டோம் என்று அறிவித்ததும், மூன்று பாக நாவல் சில ஆண்டுகளில் மறைந்துபோய், ஆறு ஷில்லிங் விலையில் ஒரே பாகமாக வரும் நாவல் வழக்கமாயிற்று. மறுபுறம் மாத இதழ்களும் வார இதழ்களும் பெருகிச் சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் இடம் கொடுத்தன. அச்சத்தை மூன்று பாகங்களுக்கு இழுத்துப் பிடிப்பது கடினம்; ஒரே அமர்வில் வாசித்து முடிக்கும் அளவே அதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் நான் எழுத வந்தது 'டிராகுலா'வைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் நம் பேராக் மாநிலத்துக்கும் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. இசபெல்லா பேர்ட் என்ற பயணி 1879இல் மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர் வழியாகப் பேராக்குக்கு வந்து, யானைமேல் ஏறிக் கோலகங்சார் சேர்ந்து, ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாகிய ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டில் தங்கினார். (1877இல் இங்கே நட்ட ரப்பர் கன்றுகளுக்கு அப்போது இரண்டு வயது.) அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'தி கோல்டன் கெர்சனீஸ்' 1883இல் வெளிவந்தது. மலாய்க்காரர்களின் நம்பிக்கைகளைச் சொல்லும் இடத்தில் பெனங்கலானைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்: பெண்ணின் உருவில் புகுந்து, உடலின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, இரத்தம் தேடி இரவில் பறக்கும் பேய். 'டிராகுலா'வுக்காக ஸ்டோக்கர் 1890 முதல் எழுதிவைத்த குறிப்புகள் இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ரோசன்பாக் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் வாசித்த நூல்களின் பட்டியலில் பேர்ட் அம்மையாரின் இந்தப் புத்தகமும் இருக்கிறது. இதை வைத்து டிராகுலா நம்மூர்ப் பேய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நாவலில் வரும் இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவுக்கு வேண்டிய சரக்கை ஸ்டோக்கர் பெரும்பாலும் எமிலி ஜெரார்டின் டிரான்சில்வேனியக் கட்டுரையிலிருந்தும், விட்பி நூலகத்தில் கண்ட வில்லியம் வில்கின்சனின் வரலாற்று நூலிலிருந்தும் எடுத்தார். ஆயினும் 1897 மே மாதம் லண்டனில் வெளிவந்த அந்த நாவலை எழுதியவரின் மேசையில் நம் ஆற்றங்கரை ஊரைப் பற்றிய பக்கங்களும் கிடந்தன என்பது எனக்குப் பெரிய செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிராகுலா லண்டனுக்குக் கப்பலேறும்போது தன் சொந்த மண் நிரம்பிய ஐம்பது பெட்டிகளைக் கொண்டுபோகிறான். அந்த மண்ணில் படுத்தாலொழிய அவனுக்கு ஓய்வு இல்லை. அந்தப் பக்கங்களை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவுதான் வந்தது. எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோவில், ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பிடிமண்ணை வைத்து எழுப்பியது என்று பாட்டி சொல்வார். கடல் கடந்து வந்தவர்கள் பிடிமண் இல்லாமல் சாமியைக் குடியமர்த்த முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே மண் அந்த நாவலில் ஊருக்குள் நுழைகிற அந்நியனின் ஆயுதமாகிறது. கோட்டையில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்து, லண்டன் தெருவில் தன்னை யாரும் வேற்று நாட்டான் என்று கண்டுகொள்ளக் கூடாது என்று டிராகுலா முயல்வதைப் பாருங்கள். பிற நாடுகளுக்குப் போய் ஆண்டவர்கள், அங்கிருந்து ஒருவன் புறப்பட்டு வந்து தங்களை ஆண்டுவிடுவானோ என்று அஞ்சினார்கள் என்று ஸ்டீபன் அராட்டா என்ற ஆய்வாளர் 1990இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அந்த வாதம் வேகமாகப் புரியும்.

முழு நாவலும் மாணவர்களுக்கு நீளமாக இருக்கும். டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பாக வரும் முதல் நான்கு அத்தியாயங்களை மட்டும் வாசியுங்கள். அவை தனியாகவே நிற்கும்.

தாதி, தைப்பிங்:

கிராணி ஐயாவின் பிடிமண் குறிப்பு மனத்தைத் தொட்டது. ஆனால் தொடக்கத்துக்கு 'டிராகுலா' வேண்டாம் என்றே சொல்வேன், ஆசிரியை அவர்களே. உங்கள் வட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892 ஜனவரியில் ஓர் அமெரிக்க மாத இதழில் வெளியிட்ட 'தி யெல்லோ வால்பேப்பர்' என்ற சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம்; வாக்கியங்களும் சிறியவை, எளியவை.

பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை, மருத்துவராகிய அவள் கணவன், கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையின் மாடி அறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். சன்னல்களுக்குக் கம்பி போட்டிருக்கிறது, கட்டில் தரையோடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது, யாரையும் அதிகம் பார்க்கக் கூடாது. அவள் கண்ணுக்கு எதிரே இருப்பது சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள் ஒன்றுதான். அதன் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் தவழ்ந்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தெரியத் தொடங்குகிறது. கணவன் கெட்டவனல்லன், அன்போடுதான் பேசுகிறான். கதையில் நம்மை நடுங்க வைப்பதே அந்த அன்பான பேச்சுதான்.

கில்மன் இதைத் தன் அனுபவத்திலிருந்து எழுதினார். 1885இல் மகள் பிறந்தபின் மனச்சோர்வில் வாடிய அவர், 1887இல் வெய்ர் மிட்செல் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் போனார். இயன்ற மட்டும் வீட்டோடு இரு, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறிவுப் பணி கூடாது, வாழ்நாள் முழுதும் பேனாவைத் தொடாதே என்பது அவர் தந்த அறிவுரை. அதைக் கடைப்பிடித்து மனம் உடையும் எல்லைவரை போய், பிறகு அதைத் தூக்கி எறிந்து மீண்டதாகக் கில்மனே 1913இல் எழுதினார்.

பேறுகாலப் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். பச்சை உடம்புக்காரி தனியாக அழுதால் காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று சொல்லி வேப்பிலை அடித்த குடும்பங்களையும், "எல்லாம் சரியாகிவிடும், படுத்துக்கொள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திய குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களிடம் என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பத்தியமும் ஓய்வும் தேவைதான். அவள் வாயைக் கட்டுவது ஓய்வன்று. உங்கள் வட்டத்து இல்லத்தரசிகள் இந்தக் கதைக்குச் சொல்லப்போகும் பதிலை மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

செம்பனைக்காட்டு வாசகன், கூலிம்:

இருவரும் சொன்னவை நல்ல தேர்வுகள். ஆயினும் மாணவி கேட்ட கேள்வி துரைமார்களின் அச்சத்தைப் பற்றியது. அதற்கு நேரடியான பதில் ருட்யார்ட் கிப்ளிங் 1890இல் எழுதிய 'தி மார்க் ஆஃப் தி பீஸ்ட்' சிறுகதையில் இருக்கிறது. புத்தாண்டு இரவில் குடித்துவிட்டு வரும் ஃப்ளீட் என்ற வெள்ளைக்காரன், கோவிலுக்குள் நுழைந்து அனுமார் சிலையின் நெற்றியில் சுருட்டுச் சாம்பலைத் தேய்க்கிறான். சிலைக்குப் பின்னாலிருந்து வரும் தொழுநோயாளி ஒருவர் அவன் மார்பில் தலையைச் சாய்க்கிறார். அதன்பின் அவன் பச்சை இறைச்சி கேட்கிறான், குதிரைகள் அவனைக் கண்டு மிரளுகின்றன, ஓநாய்போல் ஊளையிடுகிறான். நண்பர்கள் இருவரும் அந்த நோயாளியைப் பிடித்துச் சித்திரவதை செய்து சாபத்தை நீக்குகிறார்கள். அந்த இடம் வரும்போது கதைசொல்லி, "இந்தப் பகுதி அச்சிடுவதற்கன்று" என்று எழுதிவிட்டு நகர்கிறான். மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கோவிலுக்குப் போனால், எந்த வெள்ளைக்காரரும் இங்கே சிலையைத் தொடவே இல்லை என்று அர்ச்சகர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆள்பவனிடம் மன்னிப்பைக்கூட வாங்க மறுக்கும் அந்தப் பதிலைவிடக் கூர்மையான இடம் இந்தப் பத்தாண்டின் கதைகளில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கிப்ளிங் பேரரசின் பக்கம் நின்றவர். அவருடைய சொற்கள் சில இடங்களில் நம்மைக் காயப்படுத்தும். அதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசியுங்கள். 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வை மட்டும் தள்ளிவையுங்கள். அதில் வரும் இரு குழந்தைகளின் பெற்றோர் இந்தியாவில் இறந்தவர்கள் என்பதால் பேரரசின் நிழல் அதிலும் உண்டு. ஆவிகள் உண்மையிலேயே வந்தனவா, அந்தக் குழந்தைகளைக் கவனிக்க வந்த ஆசிரியையின் மனத்தில் மட்டுமா என்ற கேள்வியும் அருமையானது. ஆனால் ஜேம்ஸின் வாக்கியங்கள் ஆறாம் படிவத்துக்குப் பெருஞ்சுமை.

தோட்டப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாதி அம்மா சொன்னபடி 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையை முதலில் எடுத்துக்கொண்டோம். நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்து உடனே தமிழில் சொல்ல, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கணவன் மயங்கி விழுந்தபின் அவன்மேல் ஏறி அவள் தவழ்ந்து போகும் கடைசி இடத்தில் மாணவர்கள் திகைத்துப்போனார்கள். ஆயாக்கொட்டகையில் முப்பது ஆண்டுகள் பிள்ளை பார்த்த ஒரு பாட்டி மட்டும், "அவளுக்குப் பேயும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை, பிள்ளையை ஏன் அவளிடமிருந்து பிரித்து வைத்தார்கள்?" என்று கேட்டார். கதையில் குழந்தையை வேறொருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்ற வரியை நான் வேகமாகக் கடந்து போயிருந்தேன். திரும்பிப் போய் அந்தப் பக்கத்தை மீண்டும் வாசித்தோம்.

அடுத்த வாரம் கிப்ளிங், அதன்பின் இரண்டு வாரங்கள் ஹார்க்கரின் நாட்குறிப்பு. கிராணி ஐயா, அந்த ஞாயிறுகளில் ஒன்றில் தாங்கள் கோலகங்சாரிலிருந்து வந்து பிடிமண்ணைப் பற்றி நேரில் பேச இயலுமா? எங்கள் கோவிலுக்கு எந்த ஊர் மண் வந்தது என்று பெரியவர்கள் இப்போதே விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.