சூரியக்கதிர் கண்ணாடி: விளிம்பு கருக்கிறது, உதவி தேவை

வணக்கம். பழைய பீரோவிலிருந்து கழற்றிய 4 மி.மீ. முகம் பார்க்கும் கண்ணாடியை 10 அங்குல வட்டமாக வெட்டி, டிவி பெட்டி அட்டையில் ஒட்டி, சுற்றிலும் நியூஸ்பேப்பர் குழல்களைக் கதிர்போல வைத்துச் செய்கிறோம். இடம் நாகப்பட்டினம். ஐப்பசி மழை தொடங்கியதும் வெட்டிய விளிம்பிலிருந்து மிளகு மிளகாகக் கரும்புள்ளி கிளம்பி உள்ளே ஏறுகிறது. கதிர்களுக்கு ஒன்றுமில்லை.

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசை, கண்ணாடியின் பின்புற ரசப் பூச்சை அரிக்கும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே அந்த வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கான்தான். அட்டைக்கு இருபுறமும் வார்னிஷ் அடித்தாயிற்று. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும். பின்னால் பாட்டில் மூடிகளை ஒட்டிச் சுவரிலிருந்து இடைவெளியும் விட்டாயிற்று. விளிம்பில் தடவிய நெயில் பாலிஷ் சில வாரம் தாங்கி, பிறகு செதில் செதிலாக உரிகிறது.

வெட்டிய விளிம்பை அடைக்க, ரசத்தைத் தின்னாமல் கடலோர ஈரத்திலும் தாங்கும் பூச்சு எது?