தோசைக்கு இண்டக்‌ஷன் அடுப்பா, இன்ஃப்ராரெட் அடுப்பா?

வணக்கம். கேஸ் தீரும் நாட்களுக்குத் துணையாக ஒரு கரண்ட் அடுப்பு வேண்டும். நான்கு பேர் சமையல். 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சூடேறிக் கருகும் என்பதால் 16 ஆம்பியர் பாயின்ட் போட்டாயிற்று.

இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம் வேண்டும். சாதா அலுமினிய குக்கர் ஆகாது. அதைக்கூட மாற்றிவிடலாம், சிக்கல் தோசைதான். அடுப்புக்குள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) சிறியதாக இருந்தால், 30 செ.மீ. இரும்புக் கல்லில் நடுப்பகுதி கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும். சிம்மில் 5 நிமிடம் காயவைத்து ஊற்றினால் ஓரளவு சரியாகும், அவ்வளவுதான்.

இன்ஃப்ராரெட்டில் எந்த உலோகப் பாத்திரமும் ஏறும். ஆனால் அணைத்த பிறகும் அடுப்பின் மேல்பக்கக் கண்ணாடி வெகுநேரம் சுடும். சின்னக் குழந்தை உள்ள வீடு.

இரண்டையும் புழங்கியவர்கள் சொல்லுங்களேன்: இன்ஃப்ராரெட்டில் தோசை ஓரம்வரை முறுகுகிறதா? பெரிய காயில் வைத்த இண்டக்‌ஷன் மாடல் எது?