நரம்பு நீக்கமா, நரம்பவிப்பா? குருதியமுக்கச் சிகிச்சைக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

குளிசைக்குக் கட்டுப்படாத குருதியமுக்கத்துக்குக் கழியொலியால் (அல்ட்ராசவுண்ட்) செய்யும் சிகிச்சைக்குத் தமிழ்ப்பெயர் கேட்டிருந்தேன். சிறுநீரக நரம்பு நீக்கம், நரம்பறுப்பு, நரம்பெரிப்பு, நரம்புச் செயலிழப்பு என்று நான்கு சொற்கள் வந்தன. இரண்டு கிழமையாக நான்கையும் எங்கள் கிளினிக்கில் சொல்லிப் பார்த்தேன். மாதாமாதம் பிரஷர் குளிசை எடுக்க வருகிற அம்மாமாரின் முகம்தான் என் அளவுகோல்.

வன்னியில் மல்லாவிப் பக்கத்து அம்மா ஒருவர். மூன்று வகைக் குளிசை போட்டும் மேல் அளவு 160க்குக் கீழே இறங்குவதில்லை. "சத்தத்தாலே பிரஷரைக் குறைக்கினமாம், குளிசை தேவையில்லையாம், மகன் கனடாவிலயிருந்து சொன்னவன்" என்று கேட்டார். "சிறுநீரக நரம்பு நீக்கம்" என்று தொடங்கினேன். கிளினிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கிட்னியிலயோ பிள்ளை? அது வேண்டாம்" என்று எழும்பிவிட்டார்.

அவரில் பிழையில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது! கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீருக்குக் கான் கொண்டு போகிற சனம் இது. சிறுநீரகம், நீக்கம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் காதில் விழுவது வேறு. 'சிறுநீரக நரம்புச் செயலிழப்பு' இன்னும் மோசம். அவசரமாக வாசிப்பவர் நடுச்சொல்லை விட்டுவிடுவார். மிஞ்சுவது சிறுநீரகச் செயலிழப்பு.

சொல் பொருளுக்கும் பொருந்தவில்லை. நடப்பது இதுதான். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் வெளிச்சுவரைச் சுற்றிப் பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே உடலை உசுப்பும் நரம்புகள்) ஓடுகின்றன. அவை மிதமிஞ்சித் தூண்டினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், அமுக்கத்தை ஏற்றும் இரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அமுக்கம் ஏறும். தொடை மடிப்பு நாடி வழியே ஒரு கதீற்றரை (மெல்லிய நீள் குழாய்) அந்த இடம்வரை கொண்டுபோய், அதன் நுனியிலிருந்து ஒவ்வொரு முறையும் 7 செக்கன் கழியொலியைச் சுற்றிவரப் பாய்ச்சுகிறார்கள். நாடியின் உட்சுவர் சுடாதபடி குழாய் நுனியிலுள்ள பலூனுக்குள் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும். சூடு 1 முதல் 6 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கும் நரம்புக்குப் போய்ச்சேரும். எதையும் அறுத்து வெளியே எடுப்பதில்லை. நரம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும், சேதி கடத்தாது. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அதே அம்மா வந்தபோது சொல்லை விட்டுவிட்டு விசயத்தைச் சொன்னேன். "அறுக்கிறேல்லை அம்மா, சூட்டாலே அந்த நரம்பை அடக்கிறது." கொஞ்சம் யோசித்தார். "நெல்லு அவிக்கிற மாதிரியோ? அவிச்ச நெல்லு நெல்லாத்தான் கிடக்கும், விதைச்சா முளைக்காது."

எனக்கு அதற்குப் பிறகு வேறு சொல் தேடத் தோன்றவில்லை. இரவு ஊறவைத்து, கிடாரத்தில் ஆவி வர அவித்து, படங்கில் காயப்போடும் நெல்லை வன்னியில் எந்த வீட்டுக்கும் விளக்கத் தேவையில்லை. பழைய தமிழிலும் அவித்தல் என்றால் அடக்குதல். ஐம்புலனை அடக்கியவனை 'ஐந்தவித்தான்' என்கிறது குறள். சூடும் அடக்குதலும் ஒரே வேர்ச்சொல்லில் கிடைக்கும்போது ஏன் விடவேண்டும்? நான் முன்வைப்பது: நரம்பவிப்பு. கலைச்சொல் அகராதிக்கு முழு வடிவம், சிறுநீரக நாடிசூழ் நரம்பவிப்பு. 'நாடிசூழ்' தேவை. கைபடுவது சிறுநீரகத்தில் இல்லை, அதற்குப் போகும் நாடியைச் சுற்றி என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

இனி முன்னொட்டு. செய்திகளில் 'ஊடுருவா அல்ட்ராசவுண்ட் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். முதலில் அது உண்மையில்லை, தொடையில் துளையிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அதோடு, போர்க்காலத்தில் 'ஆழ ஊடுருவும் அணி' என்ற படைப்பிரிவு பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டே காட்டுப்பாதையில் பயணம் போன சனத்துக்கு அந்தச் சொல்லை மருந்துக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. உடலுக்கு வெளியே இருந்தே கழியொலியைக் குவித்து நரம்பைச் சூடாக்கும் முறையும் ஆய்வில் இருந்தது. போலிச் சிகிச்சையோடு (ஒப்பிடுவதற்காக, செய்ததுபோல் மட்டும் காட்டுவது) ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில் அது மேலாக நிற்கவில்லை. ஆகவே கதீற்றர் முறைக்கு அகக் கழியொலி நரம்பவிப்பு, வெளியிலிருந்து செய்வதற்குப் புறக் கழியொலி நரம்பவிப்பு. அகம், புறம் இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.

மல்லாவி

அன்புச் சகோதரிக்கு,

மதுரையிலிருந்து எழுதுகிறேன், இதய மருத்துவத் துறையில் இருப்பவன். அகம், புறம் என்ற பிரிப்பு அருமை, அப்படியே ஏற்கிறேன். 'கழி' மட்டும் இங்கே ஒட்டாது. எங்கள் பாடநூல்களில் மீயொலி. கழி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கழிவும் கழித்தலும்தான் நினைவுக்கு வரும்.

அவிப்பிலும் ஒரு தயக்கம். அவித்த நெல் முளைக்கவே முளைக்காது. ஆனால் செம்மறியாடுகளில் செய்த ஆய்வில் இந்த நரம்புகள் சில மாதங்களில் திரும்ப வளர்ந்தது கண்டிருக்கிறார்கள். நிரந்தரம் என்று சொல் வாக்குக் கொடுத்துவிடக் கூடாதே?

ஐயா,

கழி என்றால் மிகுதி. 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்ற நன்னூல் சூத்திரத்தைப் பிடித்துத்தான் எங்கள் பாடநூல்கள் கழியொலி, கழியூதா என்று போயின என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் அதைப் படித்தே பரீட்சை எழுதுகிறார்கள், அதை இப்போது மாற்றினால் குழம்புவார்கள். அகராதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். கிளினிக்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் எங்கள் கைப்பிரதியில் 'ஸ்கான் எடுக்கிற அதே வகை ஒலி' என்று ஒரு வரியும் இருக்கும். சனத்துக்கு ஸ்கான் தெரியும்.

நரம்பு திரும்ப வளர்வது பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதைச் சொல்லால் தீர்க்க முடியாது, கைப்பிரதியின் முதல் பந்தியில் எழுதவேண்டியதுதான். கனடா மகன் சொன்னதற்கும் அங்கேயே பதில் வேண்டும். 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அக முறைக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு வெளிவந்த 224 பேர் கொண்ட ஆய்வில், இரண்டு மாதத்தில் பகல்நேர மேல் அளவு போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட 6.3 மில்லிமீற்றர் இரசம் (160 என்று சொல்வதும் இதே அலகில்தான்) கூடுதலாகக் குறைந்தது. நல்ல குறைவுதான். ஆனால் 160இல் நிற்கும் அம்மா குளிசையைத் தூக்கி எறியும் அளவுக்கு இல்லை. சிறுநீரகத் தொழிற்பாடு நன்றாகக் குறைந்தவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வரைவை நாளை அனுப்புகிறேன். அதற்குள் 'போலிச் சிகிச்சை'க்கு யாராவது வேறு சொல் தாருங்கள். போலி என்று அச்சிட்டால், ஆய்வுக்கு வந்தவர்களை ஏமாற்றினார்கள் என்றுதான் வாசிப்பார்கள்.

மல்லாவி