டிஎஸ்டிஇசட்2 மிட்-டிரைவ் கிட்: செங்குத்து ஏற்றத்துக்கு எதை முதலில் மாற்றுவது?

கோத்தகிரி_கியர்

வணக்கம் நண்பர்களே. 29 இன்ச் ஹார்ட்டெயில் எம்டிபி (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மலைப்பாதை சைக்கிள்) ஒன்றில் டிஎஸ்டிஇசட்2 கிட் (பெடல் அச்சில் மாட்டும் மின்மோட்டார்; 48 வோல்ட், 500 வாட்) மாட்டப் போகிறேன். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு அமரும் குழல்) 73 மி.மீ., திருகு வகை. பின்னால் 9 ஸ்பீடு, 11–42 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு). கிட்டுடன் வருவது 42 பல் செயின்ரிங் (முன் பல்சக்கரம்). ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ. ஓட்டுவது பெரும்பாலும் எஸ்டேட் மண்பாதை, இடையிடையே 15 சதவீத ஏற்றம்.

உள்ளே இருக்கும் நீல நைலான் கியரை எடுத்துவிட்டுப் பித்தளை கியர் போடச் சொல்கிறார்கள். திறந்த மூல ஃபர்ம்வேர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) ஏற்றி மின்னோட்ட வரம்பை 18 ஆம்பியர் வைத்தால் எந்த மேடும் ஏறிவிடும் என்றும் சொல்கிறார்கள். மாட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டியது எது, தேவையில்லாதது எது?

பல்சக்கரம்

முதல்ல செயின்ரிங். மத்ததெல்லாம் அப்புறம்தான். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா எல்லாரும் ஆம்பியரிலிருந்து ஆரம்பிக்கிறாங்க.

கணக்கைப் பாருங்க. 29 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.28 மீட்டர் போகும். 15 சதவீத ஏற்றத்தில் 7 கி.மீ. வேகம்னா, சக்கரம் நிமிஷத்துக்கு 51 சுற்று. முன்னால 42, பின்னால 42 பல் இருந்தா பெடலும் அதே 51. மோட்டார் பெடலோடு நிலையான விகிதத்தில் பிணைஞ்சிருக்கு, அதனால அதுவும் மெதுவாத்தான் சுத்தும். 100 கிலோவுக்கு அந்த மேட்டில் சக்கரத்தில் மட்டும் 300 வாட் தேவை. உங்க கால் 100 கொடுத்தாலும் மீதி 200 மோட்டார்தான் தரணும். மெதுவான சுற்றில் அவ்வளவு சக்தி வேணும்னா டார்க் (சுழற்றுகிற விசை) எகிறும். டார்க்னா மின்னோட்டம். சுருளில் உண்டாகிற சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும்.

இப்ப முன்னால 34 பல் போடுங்க. அதே மேடு, அதே வேகம், பெடல் 63 சுற்று. மோட்டார் தர வேண்டிய டார்க் 19 சதவீதம் குறையுது, சுருளின் சூடு கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு குறையுது. ஒரு செட்டிங்கையும் தொடாமல், ஒரு செயின்ரிங் விலையில் கிடைக்கிற லாபம் இது.

சமதளத்தில் வேகம் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். 34-க்கு 11 போட்டு 90 சுற்று மிதிச்சா 38 கி.மீ. வரும். மண்பாதைக்கு அதுக்கு மேல எதுக்கு?

வாங்கும்போது 110 பிசிடி (திருகுத் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம், மி.மீ.), 5 துளை ஸ்பைடர், அதாவது செயின்ரிங்கை மோட்டாரில் பிடிக்கிற தாங்கி, தனியா வாங்கிக்குங்க. செயின்ரிங் நேரோ-வைட் பல்லா (ஒண்ணுவிட்டு ஒண்ணு மெலிசும் தடிப்புமா) இருக்கணும், இல்லைன்னா குண்டும் குழியுமான பாதையில் செயின் நிக்காது. மாட்டினதும் செயின் ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்குப் போற ஃபிரேம் குழாய்) செயின்ரிங்குக்கும் நடுவில் குறைஞ்சது 3 மி.மீ. இடைவெளி இருக்கான்னு பாருங்க. கேசட்டில் பெரிய பற்கள் அலுமினியமா இருந்தா ஸ்டீலுக்கு மாத்துங்க, மிட்-டிரைவ் இழுக்கிற இழுப்புக்கு அலுமினியம் சீக்கிரம் தேயும். கியர் மாத்தும்போது ஒரு கணம் மிதிக்கிறதை விட்டுட்டு மாத்துங்க. செயின் கேஜில் (தேய்மானம் அளக்கிற கருவி) 0.5 சதவீதம் காட்டினதுமே செயினை மாத்திட்டா கேசட் பிழைச்சுக்கும்.

வெப்பத்தட்டு

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அடுத்த படி, உண்டான சூட்டை வெளியே கொண்டுவருவது.

இந்த மோட்டாரின் உலோக உறைக்கும் வெளி அலுமினிய ஹவுஸிங்குக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது. காற்று நல்ல வெப்பக் காப்பு, அதனால் வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியைத் தெர்மல் பேடால் நிரப்ப வேண்டும். பேஸ்ட் உதவாது, இடைவெளி அதற்குப் பெரியது.

எந்தத் தடிமன் என்பதை அளந்துதான் வாங்க வேண்டும். மோட்டார் உறை மேல் நாலைந்து இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக ஒட்டி, மூடியைப் போட்டு எல்லாத் திருகையும் இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணை வெர்னியரில் அளந்தால் ஒவ்வொரு இடத்தின் இடைவெளியும் தெரியும். அதைவிட அரை மி.மீ. தடித்த, மிருதுவான பேட் வாங்குங்கள். மேலும் தடித்ததைத் திணித்தால் மூடி உட்காராது. அல்லது மோட்டார் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு கியர் பற்கள் கோணலாகக் கடிக்கும். களிமண் துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ஒட்டும் இரு பரப்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

நீல கியர் விஷயம். நைலான் சூட்டில் மிருதுவாகும், மிருதுவான பல் சுமையில் உருகி வழுக்கும். அதாவது கியர் போவது பெரும்பாலும் சூட்டின் விளைவு. பித்தளை போட்டால் பல் தாங்கும், ஆனால் மோட்டார் சுருளும் காந்தங்களும் அதே சூட்டில்தான் இருக்கும், நைலான் கொடுத்திருக்கும் எச்சரிக்கை மட்டும் கிடைக்காமல் போகும். சத்தமும் கூடும். என் கருத்தில் நைலானையே வைத்துக்கொண்டு பெட்டியில் ஒரு உதிரி வைத்திருப்பது மேல். கியர் அறையைத் திறக்கும்போது பல் நுனி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், நைலானுக்கு ஒத்துப்போகும் கிரீஸைப் பற்களில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அள்ளி அப்ப வேண்டாம்.

ஃபர்ம்வேர்_பித்தன்

18 ஆம்பியர் பேச்சுக்கு வர்றேன். 12-லிருந்து 18-க்குப் போனா மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. அதே சுற்றில் சூடு இரண்டேகால் மடங்கு. இந்த அளவு மோட்டாரால் நீண்ட ஏற்றத்தில் அதைத் தாங்க முடியாது. 12 அல்லது 13 வைங்க. 48 வோல்ட்டுக்கு 12 ஆம்பியர்னாலே பேட்டரியிலிருந்து 576 வாட்.

திறந்த மூல ஃபர்ம்வேர் ஏத்துறது நல்லதுதான், காரணம் வேற. இந்த மோட்டாருக்குள்ள வெப்ப சென்சார் கிடையாது. புது ஃபர்ம்வேர் இருந்தா த்ராட்டில் (கையால முறுக்குற வேகக் கட்டுப்பாடு) உள்ளீட்டில் எல்எம்35 வெப்ப சென்சாரை இணைச்சு வெப்பத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டலாம். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், நேரா படிக்கும். மோட்டார் உறையில் எபாக்ஸி வச்சு ஒட்டி, 75 டிகிரியில் சக்தி குறைய ஆரம்பிச்சு 85-ல் நிக்கிற மாதிரி வைங்க. த்ராட்டிலும் வேணும், சென்சாரும் வேணும்னா நடக்காது, ரெண்டுக்கும் ஒரே உள்ளீடு. 8 பின் கனெக்டர் உள்ள மாடலா கேட்டு வாங்கினா வயரிங் சுலபம்.

ஏத்துறதுக்கு எஸ்டி-லிங்க் வி2 புரோகிராமர் போதும். பேட்டரியைக் கழட்டி வச்சுட்டுத்தான் அதை இணைக்கணும். கம்பெனி ஃபர்ம்வேர் பூட்டப்பட்டிருக்கு, முன்கூட்டியே நகல் எடுக்க வழியில்லை. அழிச்சா அழிஞ்சதுதான், யோசிச்சுச் செய்யுங்க.

13 செல் வரிசை பேட்டரின்னா குறைந்த வோல்ட் கட்-ஆஃப் (மோட்டாரை நிறுத்துற அளவு) 39. பெடல் சுற்றாமலே உதவி தர்ற ஆப்ஷனை, பிரேக் சென்சார் மாட்டாம ஆன் பண்ணாதீங்க. மேட்டில் நிக்கும்போது பெடலில் கால் வச்சாலே வண்டி பாயும். இன்னொண்ணு, சிஸ்டத்தை ஆன் பண்றப்ப பெடலில் காலே இருக்கக் கூடாது. பெடல் அழுத்தத்தை அளக்கிற டார்க் சென்சார் அந்த நேரத்துலதான் தன் பூஜ்யத்தை எடுத்துக்குது. கால் அழுத்திட்டிருந்தா அந்த அழுத்தமே பூஜ்யமாயிடும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் உதவி சோப்ளாங்கியா இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகும்.

சட்டம்_ஒரு_பார்வை

ஒரு குறுக்கீடு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டிருந்தால்தான் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. 500 வாட் என்று முத்திரை குத்திய மோட்டார் அந்த வரம்புக்குள் இல்லை. எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளர் அனுமதி போதும், பொதுச் சாலையில் இறக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி_கியர்

மிக்க நன்றி எல்லாருக்கும். அப்படியானால் 34 பல், பேட், சென்சார், 12 ஆம்பியர், நைலான் கியர் அப்படியே. ஒரே ஒரு சந்தேகம்: 42-லிருந்து 34-க்கு இறங்கும்போது செயினை எவ்வளவு வெட்ட வேண்டும்? டீரெய்லரும் (செயினைப் பல் மாற்றும் கை) மாற்ற வேண்டுமா, ஐயா?

பல்சக்கரம்

டீரெய்லர் அப்படியே இருக்கட்டும், கேசட் மாறலையே. முன்னால 8 பல் குறைஞ்சா செயின் 4 கண்ணி அளவு மிச்சமாகும், அந்த 4 கண்ணியை எடுத்துடுங்க. ஆனா எண்ணி வெட்டுறதுக்கு முன்னாடி, டீரெய்லரில் கோர்க்காம செயினை முன்பல் மேலயும் பின்னால 42 மேலயும் சுத்திப் பிடிச்சு, சேர்ற இடத்திலிருந்து 2 கண்ணி கூட விட்டுப் பாருங்க. ரெண்டு கணக்கும் ஒத்துவந்தா வெட்டுங்க. அப்புறம் பெரிய பல்லில் போட்டு பின்னாலிருந்து பாருங்க. செயின் முன்பக்கம் ரொம்ப வெளியே சாய்ஞ்சு போனா செயின்லைன் (செயின் போற நேர்கோடு) ரொம்ப வெளியே இருக்குன்னு அர்த்தம். அப்படி ஆச்சுன்னா, 3 மி.மீ. இடைவெளி போகாத அளவுக்கு செயின்ரிங்கை ஸ்பைடரின் உள்பக்கம் மாத்தி மாட்டுங்க.